நீ தந்த கத்தி என் விரலை வெட்டவில்லை

சாமு,

இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் சேர்க்கும் முன்பே இதன் பிரதி ஒன்றை நம் சபையின் மாத இதழுக்கும் கொடுத்துவிட்டேன்; இந்த முதல் பத்தி மட்டும் அதற்குப் பின் சேர்த்தது. இதழைக் கவனித்துக்கொள்ளும் ஐயா இரண்டு பக்கம் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டீச்சர், வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியதை எதுக்கு அச்சுல ஏத்துறீக? பையனுக்கு மட்டும் எழுதுனாப் பத்தாதா?" என்று கேட்டார். "பொய்யை வீட்டுக்குள்ள மட்டும் சொல்லிருந்தா வீட்டுக்குள்ள தீத்துக்கலாம். நான் ஊருக்கே சொன்னேன் ஐயா" என்றேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, போடுகிறேன் என்றார். ஒரு வரியைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் வலது கை ஆள்காட்டி விரலை வெட்டியது நீ சென்னையிலிருந்து வாங்கி வந்து கொடுத்த சீனக் கத்தி அல்ல. விருதுநகரில் தங்கபாண்டி பட்டறையில் செய்த கத்தி. எது வெட்டியது என்பது வெட்டிய கணத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன் கத்தியின் மேல் பழியைப் போட்டேன். உன் அப்பாவுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. இத்தனை நாளும் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த மாதம் நீ சீனாவுக்கு வேலைக்குப் போகிறாய். போன மாதம் சாத்தூரில் நடந்த கல்யாணத்தில் உன் அத்தை பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்தவர்களிடம், "இவ விரலை எந்த ஊருக் கத்தி வாங்குச்சோ, அந்த ஊருக்கே மகன் சம்பாதிக்கப் போறான். ரோசம்னு ஒண்ணு வேண்டாமா?" என்றாள். எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். அது மடங்காமல் சோற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ரசத்தை ஊற்றச் சொல்லிப் பிசைந்து சாப்பிட்டேன். எழுந்து கைகழுவும்போதுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. ரோசம் இல்லாதவள் நான். பழி உன் தலையில்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். இதை நான் குனிந்துகொண்டு எழுதவில்லை. பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், கத்தி சேர்த்ததற்குக் கேட்க மாட்டேன். என் பொய் வெளியே வந்ததும், "அதான் அப்பவே சொன்னோமே, பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கிறுக்கு" என்று கிளம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் பீரோவின் அடித்தட்டில், உன் அப்பா அச்சாபீஸிலிருந்து கொண்டுவந்த காலண்டர் அட்டைப் பெட்டிக்குள், முப்பத்தேழு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. இனிமேலும் வாங்குவேன்.

ஏழாயிரம்பண்ணையில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது பிள்ளைகள் பென்சில் சீவுவதற்கு அப்பன்மார் சவரம் செய்து போட்ட பிளேடைக் கொண்டுவருவார்கள். ஒரு பெண்பிள்ளை பெருவிரலைக் கிழித்துக்கொண்டாள். அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ப் பொருட்காட்சிக்குப் போனபோது ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன், வகுப்புப் பென்சில்களை நானே சீவிக்கொடுக்கலாம் என்று. ஆரம்பம் அதுதான். அதற்கப்புறம் சேர்ந்த முப்பத்தாறுக்கும் பென்சில் காரணம் இல்லை. பிடித்திருந்தது, சேர்த்தேன். தபால்தலை சேர்க்கும் ஆண்பிள்ளையிடம் யாரும் போய், உனக்கு இத்தனை கடிதம் போட ஆள் இருக்கிறதா என்று கேட்பதில்லை. என்னிடம் மட்டும் எல்லோரும் கேட்டார்கள். உன் அத்தை, "பொம்பளைக்கு ஒரு அருவாமணை போதாதா?" என்றாள். முன்பிருந்த போதகர் வீட்டு ஜெபத்துக்கு வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, ஆயுதங்களை வீட்டில் வைப்பது சமாதானத்துக்கு நல்லதல்ல என்றார். "ஐயா, நீங்க வர்றதுக்கு முந்தி இந்த வீட்ல சமாதானமாத்தான் இருந்தோம்" என்றேன். உன் அப்பா அவரை வழியனுப்பிவிட்டு வந்து சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பத்து வயது.

அந்தப் பெட்டியை என்னைப்போலவே ஆசையாகத் திறந்தவன் நீ ஒருவன்தான். பட்டாளத்திலிருந்து உன் மாமா கொண்டுவந்த, வடக்கே ராம்பூரில் செய்த கத்தியை, பேருந்து நிலையத்தில் வெள்ளரிக்காய் விற்கிறவர் கையிலிருந்து நான் கெஞ்சி வாங்கிய கத்தியை, குவைத்தில் நர்ஸாக இருக்கும் உன் சித்தி அனுப்பிய சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியை, ஒவ்வொன்றாக விரித்து மடக்கி எண்ணெய் போடுவாய். பெரியவனாகி இன்ஜினீயரிங் முடித்து, வெளிநாட்டிலிருந்து கைக்கருவிகள் இறக்குமதி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலைக்குப் போனாய். அப்புறம்தான் நம் சண்டை சூடுபிடித்தது. லீவில் வந்தால் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துவிடுவாய்.

"அம்மா, கோவிச்சுக்காத. உன் ஊருக் கத்தியில ஆணி ஒரு பக்கம் புடைச்சிருக்கு. பிடி ஆடுது. இதே விலைக்கு சீனாக்காரன் எம்புட்டு சுத்தமா செய்றான் பாரு."

"ஆணி புடைச்சா நான் போய்ச் சொல்லுவேன், தங்கபாண்டி அரத்தால ராவித் தருவாரு. சீனாவுல நான் யார்ட்டப் போய்ச் சொல்ல?"

"சொல்ல வேண்டியதே வராதும்மா. அதான் தரம்."

"என் பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைகளோட ஆத்தாமாரு தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போறாக. சீனா லைட்டர் வந்த வருசம் வாரத்துல மூணு நாளு அவுகளை ஏத்திட்டுப் போற வேன் வரல. உன் தரம் அவுகளுக்குச் சோறு போடுமா?"

"உன் கையில கட்டிருக்க வாட்ச் ஜப்பான்காரன் செஞ்சது" என்பாய். நான் வாட்சைச் சேலைத் தலைப்புக்குள் மறைப்பேன். உன் அப்பா, "ரெண்டு பேரும் பேசி முடிச்சா யாராச்சும் ஒருத்தர் இந்த மாம்பழத்தை நறுக்குங்க" என்பார். நம் வீட்டில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான். அதை நானே கெடுத்தேன்.

நீ முதல் சம்பள உயர்வு வந்ததும் எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்தச் சீனக் கத்தி. கறுப்புப் பிடி. விரித்ததும் கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு சாய்ந்து வந்து கத்தியின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். அந்தத் தகட்டை விரலால் தள்ளினால்தான் மடங்கும். தங்கபாண்டியின் கத்தியில் அப்படி எதுவும் கிடையாது. வில்தகட்டின் இறுக்கத்திலேயே நிற்கும், அழுத்தினால் மடங்கிவிடும். நீ இதை எனக்கு இரண்டு முறை காட்டி, "குத்துற வேலைக்கு உன் கத்தியை எடுக்காதம்மா, இதை எடு" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டையும் கொண்டுபோனேன். ஆசிரியர் அறையில், அறிவியல் வாத்தியார் ஜெபராஜ் சார் உட்பட ஆறேழு பேர் முன்னால், எது ஒசத்தி என்று பிரசங்கமே செய்தேன். நம் ஊர்க் கத்தியைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு முட்டுக் கொடுக்கத் தேவையில்ல, இது சொந்தக் கால்ல நிக்கும்" என்றேன். கைதட்டினார்கள். மறுநாள் பாடப்புத்தகக் கட்டுகள் வந்தன. பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்டோர் அறையில் நான் தனியாக இருந்தேன். பையில் இரண்டு கத்தியும் இருந்தன. நீ சொன்னதும் நினைவில் இருந்தது. வீம்புக்குத் தங்கபாண்டியின் கத்தியை எடுத்து, முனையைப் பட்டைக்கு அடியில் கொடுத்து அழுத்தினேன். கத்தி என் விரலின் மேல் மடங்கியது.

சத்தம் கேட்டு ஜெபராஜ் சார் ஓடிவந்தார். அதற்குள் நான் அந்தக் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டிருந்தேன். கையிலிருந்து ரத்தம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி செய்கிற காரியமா அது? செய்தேன். அவர் தன் துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டே, "எந்தக் கத்தி டீச்சர்?" என்று கேட்டார். முந்தின நாள் கைதட்டல் காதில் இருந்தது. "மகன் குடுத்தது" என்றேன். இரண்டே வார்த்தை, சாமு. வேறு எதையும் நான் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை. மற்றதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நரம்பு அறுந்திருந்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்காது. நடுவிரலால் சாக்பீஸைப் பிடித்து எழுதப் பழகிக்கொண்டேன். உன் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே உன்னைக் கூப்பிட்டுத் திட்டினார். கட்டிலில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். "ஏலே, நீ குடுத்த கத்தி உங்க ஆத்தா விரலை எடுத்துருச்சுலே. இனிமே சீனாச் சாமான்னு ஒரு துரும்பு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, நீயும் வராத." நான் அப்போதே எழுந்து போனைப் பிடுங்கியிருக்கலாம். கால் நன்றாகத்தானே இருந்தது.

நீ என்ன செய்தாய் என்பதை ஊருக்காக எழுதுகிறேன். கம்பெனிக்கு அறிக்கை எழுதினாய், அந்தக் கத்தியின் பூட்டு பாதுகாப்பில்லை, விற்பனையை நிறுத்துங்கள் என்று. நிறுத்தினார்கள். சீனாவில் செய்தவர்கள் மறுத்தார்கள். இரண்டு பக்கமும் கத்திகளை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு பூட்டும் வழுக்கவில்லை. விபத்து நடந்த கத்தியைக் காட்டச் சொன்னார்கள். நீ எனக்குப் போன் செய்து, "அம்மா, அந்தக் கத்தியை அப்படியே துணியில சுத்தி அனுப்பு" என்றாய். அனுப்பினால் அதில் ஒரு சொட்டு ரத்தக் கறைகூட இல்லாதது தெரிந்துவிடும். "அன்னைக்கே கிணத்துல போட்டாச்சுப்பா" என்றேன். இரண்டாவது பொய். கத்தி என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஆதாரமில்லாமல் சரக்கை நிறுத்தியவன் என்று உன்னைத் தரம் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்துக் குடோனில் பெட்டி எண்ண விட்டார்கள். ஆறு மாதம் பொறுத்துவிட்டு வெளியே வந்தாய். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கிடைத்த வேலையையெல்லாம் செய்தாய், பிறகுதான் இன்னொரு கம்பெனியில் மறுபடி தரம் பார்க்க எடுத்தார்கள்; அவர்கள்தான் இப்போது உன்னைச் சீனாவுக்கு அனுப்புகிறார்கள். ஊருக்கு வந்தால் பெட்டியைத் திறக்க மாட்டாய். என் விரலைப் பார்த்துவிட்டு, நான் எது சொன்னாலும் "சரிம்மா" என்பாய். நீ என்னோடு சண்டை போடாத அந்த வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை.

அப்படியும் வாயைத் திறக்கவில்லை என்றால், காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. சீனாச் சரக்குக்கு எதிராக யார் எங்கே பேசினாலும் என்னை எழுந்து நின்று கையைக் காட்டச் சொன்னார்கள். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் காட்டினேன். ஆசிரியர் சங்கத்தில் காட்டினேன். என் வாதத்துக்கு என் விரலே சாட்சியாகிவிட்டது, சாட்சி பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணப் பந்தியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் பயலை நான் வஞ்சேனே, அதை எங்கன போய் அழிக்க?" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "எங்க ஆபீஸுல பேப்பர் வெட்டுற மெஷின்ல ரெண்டு கையும் ரெண்டு பட்டன்ல இருந்தாத்தான் பிளேடு எறங்கும். கையைக் காப்பாத்தத்தான் அம்புட்டு ஏற்பாடு. உன் தங்கபாண்டி கத்தியில ஒரு பூட்டு இல்லயே. அதை அவன்ட்டக் கேட்டியா நீ? நாலு வருசமா?" என்றார். கேட்கவில்லை. கேட்டால் பொய் வெளியே வரும். ஊரிலேயே செய்தவன் என்றால் போய்ச் சண்டை போடலாம் என்று உன்னிடம் அத்தனை தடவை பேசியவள், போட வேண்டிய ஒரே சண்டையை விட்டுவிட்டேன்.

முதலில் சென்னைக்குப் போனேன். உன் பழைய கம்பெனியில், அப்போது உனக்கு மேலே இருந்தவரைப் பார்த்தேன். உள்ளே விட ஒரு மணி நேரம் ஆக்கினார்கள், உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர், "ரொம்ப பழைய விஷயம்மா. இப்ப யாரும் அதை நினைக்கறதில்லை. உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்றார். "என் மகன் நினைக்கான். பேப்பரும் பேனாவும் குடுங்க" என்றேன். அங்கேயே, நடுவிரலால் பேனாவைப் பிடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைச் சேர்ப்பதற்காகப் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். உன் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார். இங்கிலீஷில் எழுதியிருந்தாய்: 'இதைப் பயன்படுத்தியவர் என் தாயார். அவர் சொல்வதைச் சோதிக்கத் தேவையில்லை.'

அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தார். அந்த மனிதரும் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நான் அழவில்லை. பேருந்தில் அழுதேன். செங்கல்பட்டு தாண்டும்வரை அழுதிருப்பேன். பக்கத்து இருக்கைப் பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

அதனால் உனக்கு நான் சொல்கிற ஒரே புத்தி இதுதான், இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்காதே, தகுதி கெட்டதால்தான் எனக்கு இது தெரிந்தது. உன் வேலையில் யார் சொன்னதையும் சோதிக்காமல் எழுதாதே. அம்மா சொன்னாலும் எழுதாதே. என் மேல் பாசம் வேண்டுமானால் வைத்துக்கொள், அறிக்கையில் வைக்காதே. கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அன்று நீ எழுதியது உன் தப்பு. என் தப்பு அதைவிடப் பெரியது என்பதால் உன்னுடையது இல்லாமல் போய்விடாது.

சென்னையிலிருந்து வந்த மறுநாள் தங்கபாண்டியின் பட்டறைக்குப் போனேன். உனக்கு அவரைத் தெரியும். பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பித்தளைச் சாமான் செய்து கொடுத்தே இரண்டு கடைசல் மெஷின் வாங்கிவிட்டார். மடக்குக் கத்தி அவருக்கு ஓய்ந்த நேரத்து வேலை. நான் விரலைக் காட்டினேன்.

"அது சீனாக் கத்தியில வெட்டுனதுன்னுல்ல சொன்னாக?"

"நான்தான் சொன்னேன். பொய். உங்க கத்திதான் வெட்டுச்சு. அதுல பூட்டு இல்ல."

அவர் முகம் சிவந்துவிட்டது. "டீச்சர், வெள்ளரிக்கா நறுக்க எதுக்குப் பூட்டு? இத்தன வருசத்துல ஒரு ஆளு என்ட்டப் பூட்டுக் கேட்டதில்ல."

"நான் கேக்கேன்."

"செஞ்சா விலை ஏறும். எவன் வாங்குவான்?"

"முதல் கத்தியை நான் வாங்குவேன். நல்லா இல்லன்னா நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன்."

பையிலிருந்து உன் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தேன். விரித்தார், மடக்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தத் தகட்டைப் பார்த்தார். நான் நிற்பதையே மறந்துவிட்டார். கடைசியில், "நல்லாத்தான் பண்ணிருக்கான் கழுத" என்றார். முதலில் செய்த கத்தியில் பூட்டு வழுக்கியது. அதை அவர் முகத்துக்கு நேரே மடக்கிக் காட்டினேன். இரண்டாவதில் பூட்டு நின்றது, ஆனால் திறக்கவே முடியவில்லை. "உங்க விரல் மடங்காது, அதான் தெறக்க வரல" என்றார். "அப்ப மடங்குற விரல்காரரு நீங்க தெறங்க" என்றேன். அவருக்கும் வரவில்லை. மூன்றாவது கத்தி நிற்கிறது. ஆணியையும் வழவழவென்று ராவியிருக்கிறார்.

ஆகவே நம் பழைய வாதத்தில் என் கட்சியை நான் விடவில்லை. நம் ஊர்க் கத்தி ஒசத்தி என்று இனிமேல் சொல்ல மாட்டேன், அன்று அது ஒசத்தியாக இல்லை. சீனாக்காரன் பொறுப்பாகச் செய்திருந்தான், நான் அவன் பெயரைக் கெடுத்தேன். அந்தச் சீனப் பட்டறையில் வேலை செய்கிற யாரோ ஒருத்தியிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் தங்கபாண்டியிடம்தான் வாங்குவேன். அவர் வாசலில் போய் நின்று மூன்று தடவை சண்டை போட முடிந்தது. நான் கேட்டதால் ஒரு பொருள் மாறியது. நீ இதற்கு மறுப்பு வைத்திருப்பாய். வை. அங்கே போய் நல்லது எதைப் பார்த்தாலும் நல்லது என்று எனக்கு எழுது, அத்தையிடம் வாசித்துக் காட்டுகிறேன். "சரிம்மா" என்று மட்டும் எழுதாதே.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே தங்கபாண்டியின் மூன்றாவது கத்தி இருக்கிறது. பரிசு என்று நினைத்துக்கொள்ளாதே. நீங்கள் கம்பெனியில் செய்வதுபோலக் கத்தியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, முதுகில் தட்டு, எடையைத் தொங்கவிடு, வேண்டுமானால் உடைத்துப் பார். தோற்றுவிட்டால் தோற்றது என்று முதல் வரியிலேயே எழுதி அனுப்பு. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நான் விருதுநகரில் இருப்பேன்.

உன் அம்மா